கோ 3 புல்லோடு கிளிரிசிடியா சேர்த்து சைலேஜ் போடலாமா?

வணக்கம் உறவுகளே. நாங்கள் இலங்கை மலையகத்தில் புசல்லாவைப் பக்கம். மழையில் வெட்டிய கோ 3 புல்லை (கலப்பின நேப்பியர் தீவனப் புல்) சைலேஜுக்காக, அதாவது காற்றுப் புகாமல் புளிக்கவைக்கும் தீவனத்துக்காக, தனியே பீப்பாவில் அடைத்தால் அடியில் தண்ணீர் கட்டி, ஊசிய வெண்ணெய் வாடை அடிக்கிறது. மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கையால் பிழிந்தாலே சாறு சொட்டும் புல், சீனிச்சத்தும் குறைவு. தீவனத்தைக் கெடாமல் காக்கும் லக்டிக் அமிலம் போதாமல், அந்த வாடையைத் தரும் பியூட்டிரிக் அமிலம்தான் மிஞ்சுகிறது போல. சோளம் என்றால் உலர்பொருள் (தண்ணீர் போக மிஞ்சுவது) 30–35 வீதத்தில் வெட்டி அடைத்தாலே பிஎச் (குறையக் குறையப் புளிப்பு கூடும் அளவு) 4க்குக் கிட்ட இறங்கிவிடும். சரி, அதைப் போட நமக்கு நிலம் எங்கே?

புரதத்துக்குக் கிளிரிசிடியா (அவரையின மரம்) இலை சேர்க்க ஆசை. ஆனால் அவரையின இலைகள் பிஎச் இறங்குவதை இழுத்துப் பிடிக்குமே! இப்படிக் கலந்து போடுகிறவர்கள் இலை எவ்வளவு, மொலாசஸ் (சீனி ஆலைக் கழிவுப்பாகு) எவ்வளவு சேர்க்கிறீர்கள்? அப்புறம், மழை விடாத நாளில் புல்லை எங்கே வாட்டுகிறீர்கள்? கொட்டில் படம் இருந்தால் அதையும் போடுங்கள்.