உதவி: மழையில் வார்னிஷ் அடித்தேன், இரும்புக்கை மாயாவி வெளுத்துவிட்டார்

வாவிக்கரையான் (கல்லடி):
வணக்கம். மூன்று கிழமையாக ஓர் இரும்புக்கை மாயாவிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். 32 மி.மீ. அளவிலான றெசின் உருவம், அக்றிலிக் பெயின்ட். மாமாவின் பிறந்தநாளுக்குக் கொடுக்க வேண்டும். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்தவர் மாயாவி. மாமா சின்ன வயதில் அந்தக் கதைகளை இரவல் வாங்கி வாசித்து வளர்ந்தவர்.

மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து கை மட்டும் அந்தரத்தில் தெரியுமே, அதை மனதில் வைத்துத்தான் உடுப்பு முழுவதையும் கறுப்பில் அமுக்கினேன். கைக்குக் கரும் இரும்பு நிறம், இடுக்குகளில் தண்ணியாக நீலக்கறுப்பு, விரல் மூட்டுகளில் மட்டும் வெள்ளி. நான் இதுவரை செய்தவற்றில் எனக்கு ஆகப் பிடித்தது அந்தக் கைதான்.

நேற்றுப் பின்னேரம் மழை கொஞ்சம் விட்டபோது முற்றத்தில் வைத்து மட், அதாவது பளபளப்பில்லாத, வார்னிஷ் ஸ்பிறே அடித்தேன். காயக் காயச் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிட்டது. கறுப்பு நரைத்துப்போனது, கையில் மினுக்கமே இல்லை. தின்னரால் துடைக்கச் சொல்கிறார்கள் வீட்டில். துடைக்கலாமா? இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

கல்முனைத் தூரிகை:
தம்பி, தின்னர் போத்தலைத் திறக்கவே வேண்டாம். வார்னிஷோடு சேர்ந்து மூன்று கிழமை வேலையும் கரைந்து வந்துவிடும். நகப்பூச்சு அகற்றும் திரவமும் அப்படித்தான்.

முதலில் ஒரு சோதனை. தூரிகையைத் தண்ணீரில் நனைத்து, முதுகுப் பக்கம் ஒரு சொட்டு வையுங்கள். ஈரம் பட்ட இடத்தில் கறுப்பு திரும்பி வருகிறதா?

வாவிக்கரையான்:
ஓம் அண்ணா, வருகிறது! காய்ந்ததும் மறுபடி வெள்ளை.

கல்முனைத் தூரிகை:
அப்படியென்றால் பயப்பட வேண்டாம், பெயின்ட் அடியில் நல்லாகத்தான் இருக்கிறது. ஸ்பிறேயில் உள்ள கரைப்பான் கடகடவென்று ஆவியாகும்போது அந்த இடம் குளிர்ந்துவிடும். மழைக்காலத்துக் காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிந்து வார்னிஷுக்குள் அகப்பட்டுக்கொள்ளும். மேற்பரப்பு நுண்ணியதாகச் சொரசொரத்துப்போய் ஒளியைச் சிதறடிக்கும், அதுதான் வெள்ளையாகத் தெரிகிறது. டப்பாவைப் போதிய அளவு குலுக்காவிட்டாலும், ஒரே தடவையில் தடிப்பாக அடித்திருந்தாலும் இதே கோலம்தான். மட் வார்னிஷில் பளபளப்பைக் குறைக்க ஒரு மெல்லிய தூள் இருக்கும், அது திரண்டுவிடும்.

இரண்டு நாள் வீட்டுக்குள் காய விடுங்கள். மறுகா தண்ணீரில் கரையும் க்ளொஸ் வார்னிஷ், அதாவது பளபளப்பானது, அதைத் தூரிகையால் மெல்லிசாக ஒரு பூச்சு. அது அந்தச் சொரசொரப்பை நிரப்பிவிடும். ஒரு நாள் விட்டு இன்னொரு பூச்சு. அப்புறம் உடுப்புக்கு மட்டும் தூரிகையால் மட். கையை விட்டுவிடுங்கள். உலோக நிறத்தில் மினுங்குவது அதிலுள்ள பொடிதான், எந்த மட் வார்னிஷ் பட்டாலும் அது செத்துப்போகும். நேற்று மழையே இல்லாவிட்டாலும் கையின் மினுக்கம் மங்கித்தான் இருக்கும்.

ஏறாவூர் வாசகி:
தேங்காயெண்ணெயை ஒரு துளி தடவினாலும் வெள்ளை போகும். நான் செய்து பார்த்திருக்கிறேன்.

கல்முனைத் தூரிகை:
போகும் சகோதரி, ஆனால் அது தண்ணீர்ச் சொட்டு செய்த வேலையைத்தான் கொஞ்ச நாள் நீட்டிச் செய்கிறது. எண்ணெய் காயாது, தூசி பிடிக்கும், அதற்கு மேல் வார்னிஷும் ஒட்டாது. பரிசாகக் கொடுப்பதற்கு வேண்டாம்.

அக்கரைப்பற்று:
முழங்காலுக்குக் கீழே அந்த வெள்ளையை அப்படியே விட்டால் மாயாவி மறைவதுபோல் இருக்காதா?

வாவிக்கரையான்:
நானும் யோசித்தேன். ஆனால் வெள்ளை திட்டுத் திட்டாக இருக்கிறது, மறைகிற ஆளாகத் தெரியவில்லை. அப்படி வேண்டுமென்றால் அடித்தளத்தின் நிறத்தைக் காலில் படிப்படியாக ஏற்றிச் செய்ய வேண்டும். அடுத்த உருவத்தில் நிச்சயம் செய்வேன்.

வாவிக்கரையான் (ஆறு நாள் கழித்து):
சொன்னபடியே செய்தேன். முதல் பூச்சிலேயே கறுப்பு வந்துவிட்டது. கைக்கு க்ளொஸ் மட்டும். மேசை விளக்கின் கீழ் திருப்பினால் விரல்கள் மினுங்குகின்றன. உடுப்பின் மடிப்பு ஒன்றுக்குள் மட்டும் இன்னும் ஒரு வெள்ளைக் கோடு நிற்கிறது.

கல்முனைத் தூரிகை:
நல்ல வேலை. அந்தக் கோட்டில் இன்னும் வார்னிஷ் தேக்க வேண்டாம். கறுப்பைத் தண்ணியாகக் கரைத்து, நுனித் தூரிகையால் ஒரு இழுவை, அதன் மேல் மட். இனி மாரி முடியும்வரை ஸ்பிறேயைத் தொடாதீர்கள். வறண்ட கச்சான் காற்று வீசும் நாளிலும் வேண்டாம். நான் ஆடி மாதம் வெளியில் வைத்துப் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, அடித்து, துளிகள் வழியிலேயே காய்ந்து, உருவம் முழுக்க மணல் ஒட்டியதுபோல் ஆனது. பங்குனி வெயிலில், காற்றில்லாத காலைநேரம் நல்லது.

மாமா கையில் எடுத்துப் பார்க்கும்போது ஒரு படம் போடுங்கள் தம்பி.