பெண் கையில் பணம் போனால் போதுமா? ஜோன் மென்ச்சர் ஆய்வை முன்வைத்து, நாற்றங்கால், கரைவழி, மேட்டுநிலம் என்ற பெயர்களில் மூவர் உரையாடல்

நாற்றங்கால்:
ஜோன் மென்ச்சர், அமெரிக்க மானிடவியலாளர். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நெல் விளையும் ஊர்களில் கூலி வீடுகளின் வரவு செலவை ஆராய்ந்தவர். குடும்ப வருமானம் என்று மொத்தமாகப் பார்க்காமல், புருஷன் சம்பாதித்ததில் எவ்வளவு வீட்டுக்கு வந்தது, பெண்டாட்டி சம்பாதித்ததில் எவ்வளவு வந்தது என்று தனித்தனியாகக் கேட்டார். 1988-ல் வந்த கட்டுரையில் அவர் காட்டியது இதுதான்: பெண்ணுக்குக் கூலி குறைவு, ஆனால் கிட்டத்தட்ட முழுவதையும் வீட்டுக்கே கொடுத்துவிடுகிறாள். ஆண் ஒரு பகுதியைத் தன் கைச்செலவுக்குப் பிடித்துக்கொள்கிறான். அதனால்தான் சொல்கிறேன், அரசு உதவி எதுவானாலும் பெண் பெயரில்தான் போக வேண்டும். 2023-ல் மாதம் 1000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை சரியான வழி.

கரைவழி:
ஆய்வில் குறையில்லை, நீங்கள் எடுக்கும் முடிவில்தான் எனக்குச் சண்டை. அவள் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறாள் என்பது ஒரு அநியாயத்தின் கணக்கு. அதையே திட்டத்துக்கு அடிப்படையாக வைத்தால், ஆண் வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதை யார் கேட்பது? குழுக் கடனில் இதுதான் நடந்தது. பெண்கள் ஒழுங்காகக் கட்டுவார்கள் என்று அவர்கள் பெயரில் கொடுத்தார்கள். வங்கதேசத்துக் கடன்களைப் பற்றி ஆய்வாளர்கள் கோயட்ஸ், சென் குப்தா இருவரும் 1996-ல் எழுதியதைப் பாருங்கள், கடன் வாங்கிய பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்தப் பணத்தின் மீது பெரிதாகப் பிடி இல்லை. செலவழித்தது ஒருவர், தவணைக்குப் பதில் சொன்னது இன்னொருவர்.

நாற்றங்கால்:
கடனையும் கூலியையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். மென்ச்சர் கணக்கெடுத்தது கூலி. நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி விகிதம், பணம் வங்கிக் கணக்கில். தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் பெண்கள். தவணையும் இல்லை, வசூலுக்கு வாசலில் வந்து நிற்கிறவனும் இல்லை.

மேட்டுநிலம்:
இரண்டு பேரும் பணத்தையே சுற்றிவருகிறீர்கள். மென்ச்சரும் ஆய்வாளர் சாரதாமணியும் சேர்ந்து 1982-ல் எழுதியது வயல் வேலையைப் பற்றி: நடவு, களையெடுப்பு, அறுவடை, இதில் எவ்வளவு பெண்களின் உழைப்பில் நடக்கிறது என்று. இன்றைக்கு நடவு எந்திரம் வந்த ஊரில் அதை ஓட்டுகிறவர் பெரும்பாலும் ஆண், கரையில் வேலையில்லாமல் நிற்பவர்கள் பெண்கள். நிலத்தைப் பற்றியும் யாரும் பேசவில்லை. தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது, 2005-ல் நாடு முழுக்க வந்தது. ஆனாலும் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், இந்தியாவில் சாகுபடி நிலத்தை நடத்துகிறவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேர்தான் பெண்கள். பட்டாவில் பெயர் இல்லாதவள் பயிர்க் கடனுக்கும் நிவாரணத்துக்கும் என்ன காகிதத்தைக் காட்டுவாள்?

கரைவழி:
சரி, வாரிசு உரிமை யாருக்குப் பயன்படும்? அப்பனுக்கே நிலம் இல்லாத வீட்டில் மகள் எதில் பங்கு கேட்பாள்? மென்ச்சர் கணக்கெடுத்த கூலி வீடுகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவைதான். 1892-ல் தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு என்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்திலேயே எவ்வளவோ கைமாறிப் போய், இன்னும் மீட்கச் சொல்லிப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். சாதியை விட்டுவிட்டுப் பெண்ணுக்கு நிலம் என்றால், ஏற்கெனவே நிலம் உள்ள வீட்டுப் பெண்ணுக்குத்தான் போய்ச் சேரும்.

மேட்டுநிலம்:
இதை மறுக்க முடியாது. ஆனால் நிலம் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற அரசு மகளிர் திட்டத்தில் உள்ள பெண்கள் குழுவாகச் சேர்ந்து தரிசைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறார்கள். என்ன பயிர், எப்போது அறுவடை என்பதையெல்லாம் அவர்களே முடிவு செய்கிறார்கள்.

நாற்றங்கால்:
அதை நானும் ஏற்கிறேன். ஆனால் விளைச்சல் வரும்வரை வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது? அந்த மாதங்களுக்குத்தான் கூலியும் உரிமைத் தொகையும் வேண்டும் என்கிறேன்.

கரைவழி:
வேண்டும்தான். அதோடு குத்தகை எழுத்தில் வர வேண்டும், அதில் உழுகிற பெண்ணின் பெயர் இருக்க வேண்டும். நம் பக்கம் பாதிக் குத்தகை வாய்ப்பேச்சோடு சரி, வெள்ளம் வந்தால் நிவாரணம் பட்டாக்காரருக்குப் போகிறது. அதை மாற்றாமல் குழு விவசாயத்தைக் கொண்டுவந்தால் நட்டமும் கடனும் மறுபடி அந்தப் பெண்கள் தலையில்தான் விழும்.