பேஸ்பால்ல யாங்கீஸ், டொரன்டோ ரெண்டு டீமும் 94-68, அப்பறம் டொரன்டோ மட்டும் எப்படி முதல் இடம்?

செக்காலை_யாங்கீ:
நேத்து ராத்திரி 2025 ஆசியா கப் ஃபைனல்ல திலக் வர்மா நின்னு ஜெயிக்க வச்சதும் காரைக்குடில எங்க தெரு முழுக்க வெடிச் சத்தம், நான் அந்த சூட்டோட அப்படியே பேஸ்பால் பக்கம் போயிட்டேன், ஏன்னா அமெரிக்க மேஜர் லீக்ல ப்ளேஆஃபுக்கு (நாக்அவுட் சுற்று) முந்துன கடைசி நாள், எல்லா ஆட்டத்தையும் ஒரே நேரத்துல ஆரம்பிப்பாக, நம்ம நேரத்துக்கு பன்னெண்டரை தாண்டி. நியூயார்க் யாங்கீஸ் பால்டிமோர் ஓரியோல்ஸ 3-2னு ஜெயிச்சாச்சு. கடைசி எட்டு ஆட்டமும் வரிசையா ஜெயம். அந்தப் பக்கம் டொரன்டோ டாம்பா ரேஸ 13-4னு அடிச்சு நொறுக்குனாக, அவுக கிர்க் மட்டும் ரெண்டு ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி). ஆக ரெண்டு டீமும் 94 ஜெயம் 68 தோல்வி. சரி, ஒரு ஆட்டம் வச்சு முடிவு பண்ணுவாகன்னு பாத்தா அப்படி ஒண்ணுமே இல்ல, டொரன்டோக்கு டிவிஷன்ல (லீக்குக்குள்ள ஒரு பிரிவு) முதல் இடம், ப்ளேஆஃப் முதல் ரவுண்டு ஆடவே வேண்டாம், யாங்கீஸ் மட்டும் நாளைக்கே பாஸ்டன் கூட மூணு ஆட்ட சீரிஸ்ல இறங்கணும்.

அக்கா வீடு நியூ ஜெர்சில, அவுக வீட்டுல எல்லாரும் யாங்கீஸ், அதனால நானும் வருசக்கணக்கா இந்த டீம்தான். ஆறு மாசம் 162 ஆட்டம் ஆடி சமமா நிக்கிறவங்கள ஒரு ஆட்டம்கூட வைக்காம பேப்பர்ல பிரிக்கிறது நியாயமா? முன்னாடி 163வது ஆட்டம்னு ஒண்ணு இருந்துச்சுல்ல, அத ஏன் எடுத்தாக? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கண்டனூர்_பழைய_ரசிகன்:
தம்பி, 2021 வரைக்கும் நீங்க கேக்குற மாதிரிதான் இருந்துச்சு. சமமா முடிஞ்சா தனியா இன்னொரு ஆட்டம், ஜெயிச்சவன் உள்ள. 2007ல ராக்கீஸும் பாட்ரேஸும் 13 இன்னிங்ஸ் ஆடி 9-8னு முடிஞ்சது, 2009ல ட்வின்ஸ் டெட்ராய்ட்ட 12 இன்னிங்ஸ்ல 6-5, 2018ல நேஷனல் லீக்ல (அமெரிக்கன், நேஷனல்னு ரெண்டு பாதி) ஒரே நாள்ல ரெண்டு ஆட்டம் வைக்க வேண்டியதா போச்சு. 2022ல ப்ளேஆஃப் 12 டீம் ஆச்சு, ஒவ்வொரு லீக்லயும் டிவிஷன் ஜெயிச்ச மூணு, மிச்சத்துல நல்ல ரெக்கார்டு உள்ள மூணு, அதுக்குப் பேரு வைல்டு கார்டு. பழைய ஒத்த ஆட்ட வைல்டு கார்டு போய் மூணு ஆட்ட சீரிஸ் வந்துருச்சு, நடுவுல சொருக நாள் இல்ல, அதோட 163ம் போச்சு. இப்ப மொத கணக்கு, ரெண்டு டீமும் அந்த வருசம் நேருக்கு நேரா ஆடுனதுல யாரு கை ஓங்குச்சுங்கறது. அதுவும் சமம்னாதான் சொந்த டிவிஷன் ரெக்கார்டுக்குப் போவாக.

இந்த வருசம் டொரன்டோ 8, யாங்கீஸ் 5. அம்புட்டுதான்.

இன்னொன்னும் சொல்றேன். 163 இருந்தப்ப அது யாரு கிரவுண்டுல நடக்கும்னு முன்னாடி காசு சுண்டிப் போட்டாக, 2009லேர்ந்து அதுக்கும் இதே நேருக்கு நேர் கணக்குதான். அந்த ரூல் இன்னைக்கும் இருந்திருந்தாலும் நீங்க டொரன்டோ போய்தான் ஆடணும்.

தேவகோட்டை_டு_ஸ்கார்பரோ:
நான் தேவகோட்டை, இப்ப லீவுக்கு ஊருக்கு வந்திருக்கேன், அண்ணன் குடும்பம் டொரன்டோ ஸ்கார்பரோல. செக்காலை அண்ணே, பேப்பர்ல பிரிச்சாகன்னு சொல்றீங்களே, அந்த எட்டு ஜெயமும் கிரவுண்டுல வாங்குனதுதானே? ஜூன் 30லேர்ந்து ஜூலை 3 வரைக்கும் யாங்கீஸ் டொரன்டோ வந்து நாலு ஆட்டம் ஆடுனாக, நாலும் தோல்வி. கனடா டே அன்னைக்கு எங்க ஸ்பிரிங்கர் கிராண்ட் ஸ்லாம் (ஒரே அடில நாலு ரன்) அடிச்சாரு, அண்ணன் புள்ளைக போன்ல கத்துன கத்து எனக்கு இன்னும் மறக்கல. அந்த நாலாவது ஆட்டத்தோடதான் நாங்க தனியா முதல் இடத்துக்கு வந்தோம். மே மாசம் யாங்கீஸ் எங்கிட்டோ உயரத்துல இருந்தாக, அங்கேர்ந்து எறக்குனது அந்த வாரம்தான். போன வருசம் 74-88, டிவிஷன்ல கடைசி இடம்னு கெடந்த டீம் இது, 2015க்கு அப்பறம் இப்பத்தான் டிவிஷன் கைக்கு வந்திருக்கு, அத யாரும் கணக்கு தந்திரம்னு சொன்னா மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு.

செக்காலை_யாங்கீ:
தம்பி தந்திரம்னு நான் சொல்லல, டொரன்டோ நல்ல டீம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்த 13 ஆட்டத்த எடுத்துப் பாருங்க. ஏழு டொரன்டோல, ஆறு நியூயார்க்ல. டொரன்டோல நடந்த ஏழுல நீங்க ஆறு ஜெயிச்சீக, நியூயார்க்ல நடந்த ஆறுல நாங்க நாலு ஜெயிச்சோம். ஒரு கிரவுண்டுல ஒரு ஆட்டம் கூட இருக்கறப்ப அத வச்சு ஆறு மாச உழைப்ப முடிவு பண்ணலாமா? 2022 வரைக்கும் டிவிஷன் டீமோட 19 ஆட்டம் இருந்துச்சு, 2023ல அத 13ஆ கொறச்சுட்டாக, ஆட்டம் கொறைய கொறைய இந்தக் கணக்கோட பலமும் கொறையத்தானே செய்யும். ரன் வித்தியாசம் பாத்தா யாங்கீஸ் எங்கயோ மேல இருக்காக. எங்க ஜட்ஜ் ஒருத்தரே 53 ஹோம் ரன், பேட்டிங் சராசரி .331, சராசரில லீக்லயே முதல். ஐபிஎல் மாதிரி நெட் ரன் ரேட் கணக்கு வச்சிருந்தா முதல் இடம் நம்மளுக்குத்தான்.

அழகப்பா_சாஃப்ட்பால்:
ரன் வித்தியாசம்ங்கறதுக்கு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன் அண்ணே. நான் அழகப்பா யுனிவர்சிட்டி உடற்கல்விக் காலேஜ்ல படிக்கறப்ப சாஃப்ட்பால் ஆடுனவ, உள்ள நின்னு பாத்ததால சொல்றேன். கிரிக்கெட்ல ரெண்டு பக்கத்துக்கும் இருவது ஓவர்னு அளவு இருக்கு, பத்து ஓவர்ல அடிச்சு முடிச்சா அதுக்கு ஒரு மதிப்பு, அதனால நெட் ரன் ரேட்டுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. 2024ல சின்னசாமில சிஎஸ்கேவ 18 ரன்ல ஜெயிச்சாதான் உள்ளன்னு ஆர்சிபி இறங்குச்சு, 218 அடிச்சாக, சிஎஸ்கே 201 எடுத்தா தோத்தாலும் உள்ள, கடைசி ஓவர்ல தோனி மொத பந்த ஸ்டேடியத்துக்கு வெளியவே அனுப்பிட்டாரு, அடுத்த பந்துல அவுட், 191ல நின்னுபோச்சு. அன்னைக்கு ரெண்டு டீமும் 14 பாயிண்ட்டு, ஆனா எத்தன ரன் வேணும்னு கிரவுண்டுல இருந்த எல்லாருக்கும் தெரியும், அதுக்காகவே ஆடுனாக.

பேஸ்பால்ல அப்படி இல்ல. சொந்த கிரவுண்டு டீம் முன்னால இருந்தா ஒன்பதாவது இன்னிங்ஸ்ல பேட்டே பிடிக்காது, ஆட்டம் முடிஞ்சது. எட்டு ரன் பத்து ரன் பின்னாடி போயிட்டா மேனேஜர் நல்ல பிட்சர் (பந்து எறியறவரு) கைய மிச்சம் பண்ணி நாளைக்கு வச்சுக்குவாரு, கடைசி ஆளத்தான் அனுப்புவாரு, சில நாள் பிட்சரே இல்லாத ஆளு வந்து எறிவான். அங்க அடிக்கற ரன்ன எப்படி கணக்குல சேக்கறது? 15-2ன்னு ஜெயிக்கறதும் 3-2ன்னு ஜெயிக்கறதும் ஒண்ணுதான்னு ஆடுற ஆட்டம் இது. நேருக்கு நேர் கணக்குல கொற இருக்கு, ஏழுக்கு ஆறுன்னு நீங்க சொன்னது சரியான கொற, ஆனா ரன் கணக்கு அதவிட மோசம்.

163 ஆட்டம் வச்சா இன்னொரு கஷ்டமும் இருக்கு. உங்க பெரிய பிட்சர அன்னைக்கு எறிய விட்டுட்டா அவரு கை ஆற நாலஞ்சு நாள் ஆகும், அடுத்த சீரிஸ்ல தொடக்கத்துல அவரு கெடையாது. ஜெயிச்சவனுக்கே தண்டனை.

பள்ளத்தூர்_பொண்ணு:
நீங்க எல்லாரும் முதல் இடம் ரெண்டாவது இடம்னு பேசுறீக, எங்க டெட்ராய்ட் டைகர்ஸ யாரும் கண்டுக்கலயே! கல்யாணமாகி மிச்சிகன்ல இருந்துட்டு இப்பத்தான் பள்ளத்தூர் வந்துட்டோம், டைகர்ஸ விட முடியல. ஜூலைல க்ளீவ்லேண்டவிட 15.5 ஆட்டம் முன்னாடி இருந்தாக, க்ளீவ்லேண்ட் அப்ப வரிசையா பத்து ஆட்டம் தோத்துட்டுக் கெடந்துச்சு. கடைசில க்ளீவ்லேண்ட் 88-74, நாங்க 87-75. டிவிஷனே போச்சு. அத்தன பின்னால இருந்து ஒரு டீம் டிவிஷன் ஜெயிச்சது பேஸ்பால் சரித்திரத்துலயே இதுதான் மொத தடவையாம். ஹூஸ்டனும் 87-75தான், அவங்களோட நேருக்கு நேர் கணக்கு எங்க பக்கம் இருந்ததால கடைசி வைல்டு கார்டு எங்களுக்குக் கெடச்சுது, நாளைக்கு அதே க்ளீவ்லேண்ட் கூட அவுக ஊர்லயே போய் ஆடணும். அதனால இந்த ரூல நான் கொற சொல்ல மாட்டேன்.

எனக்கு ஒரு சந்தேகம். இந்த அரை ஆட்டம் எப்படி வருது? மேஜிக் நம்பர்னு ஒண்ணு போடுறாகளே, அதையும் யாராச்சும் வெளங்க சொல்லுங்க.

கண்டனூர்_பழைய_ரசிகன்:
ஆச்சி, அரை ஆட்டம் வர்றது ஒரு டீம் இன்னொன்னவிட ஆட்டம் கொறைவா ஆடியிருக்கறப்ப. ஜெயத்துல உள்ள வித்தியாசத்தையும் தோல்வில உள்ள வித்தியாசத்தையும் கூட்டி ரெண்டால வகுக்கணும். ஒருத்தன் 50-30, இன்னொருத்தன் 47-32ன்னா மூணும் ரெண்டும் அஞ்சு, பாதி 2.5. மேஜிக் நம்பர்ங்கறது முன்னால இருக்கவன் இடம் உறுதியாக இன்னும் எத்தன வேணும்ங்கறது, 163லேர்ந்து முன்னால இருக்கவன் ஜெயத்தையும் பின்னால இருக்கவன் தோல்வியையும் கழிச்சா வர்றது. அவன் 90 ஜெயம், இவன் 66 தோல்வின்னா மிச்சம் 7. அவன் ஜெயிச்சாலும் ஒண்ணு கொறையும், இவன் தோத்தாலும் ஒண்ணு கொறையும். நேருக்கு நேர் கணக்கு கைல இருந்தா 163க்குப் பதிலா 162, அதாவது சமமா முடிஞ்சாலே போதும். டொரன்டோக்கு கடைசி வாரத்துல கை குடுத்தது அந்த ஒண்ணுதான்.

பெரிய சரிவுன்னா எனக்கு 2011தான். செப்டம்பர் தொடக்கத்துல வைல்டு கார்டுக்கு பாஸ்டன் டாம்பாவவிட ஒன்பது ஆட்டம் முன்னால, கடைசி நாள்ல ரெண்டும் சமம். அன்னைக்கு டாம்பா யாங்கீஸ் கிட்ட 7-0ன்னு பின்னால, எட்டாவது இன்னிங்ஸ்ல ஆறு ரன், ஒன்பதாவதுல இன்னும் ஒரே ஒரு பந்த தவறவிட்டா (ஸ்ட்ரைக்) ஆட்டமே முடியப்போற நேரத்துல அவுக டான் ஜான்சன் ஹோம் ரன், சமம். அதே சமயத்துல பால்டிமோர்ல பாஸ்டன் தோத்துச்சு, அது முடிஞ்ச கொஞ்ச நிமிசத்துலயே 12வது இன்னிங்ஸ்ல டாம்பாவோட லாங்கோரியா ஹோம் ரன் அடிச்சாரு, 8-7, டாம்பா உள்ள. நம்மளுக்கு அது காலைல ஒன்பதரை. நான் கடைய தொறக்காம வீட்டுலயே உக்காந்துருந்தேன். அன்னைக்கு டைபிரேக் ரூல் எதுவுமே வேண்டியிருக்கல.

தேவகோட்டை_டு_ஸ்கார்பரோ:
நியூயார்க்கோட இன்னொரு டீம் மெட்ஸ் பத்தி யாரும் பேசலையா? ஜூன்ல 45-24, லீக்லயே நல்ல ரெக்கார்டு, அவுக ஆட்டக்காரர் சோட்டோவுக்கு 15 வருசத்துக்கு 765 மில்லியன் டாலர். நேத்து மயாமி கிட்ட 4-0ன்னு தோத்து 83-79. சின்சினாட்டியும் நேத்து தோத்து அதே 83-79, ஆனா நேருக்கு நேர்ல 4-2, அவங்க உள்ள. ஆக ஒரே நாள்ல மூணு எடத்துல இந்த ரூல்தான் முடிவு பண்ணிருக்கு. மெட்ஸ் சின்சினாட்டி கிட்ட ஜூலைல இன்னும் ஒரு ஆட்டம் ஜெயிச்சிருந்தா கணக்கே வேற. எனக்கு இந்த ரூல் பிடிக்கறதே அதுக்குத்தான், கூட்டம் இல்லாத ஒரு வார நாள்ல ஆடுனது செப்டம்பர்ல வந்து நிக்கும்.

செக்காலை_யாங்கீ:
சாஃப்ட்பால் தங்கச்சி சொன்ன ரன் கணக்கு விஷயம் சரி, ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு கிரவுண்டுலயும் ஆட்டம் சமமா இருந்தாதான் நேருக்கு நேர் கணக்க எடுக்கணும், 13ங்கற ஒத்தப்படை எண்ண மாத்தி 12னோ 14னோ வைக்கட்டும், அதுல நான் இறங்க மாட்டேன். பாஸ்டன் கிட்ட இந்த வருசம் நாங்க 4-9, அத நெனச்சாத்தான் இப்ப பயம். நாளைக்கு எல்லா ஆட்டமும் நம்ம நேரத்துக்கு எப்ப?

அழகப்பா_சாஃப்ட்பால்:
அண்ணே, டெட்ராய்ட் க்ளீவ்லேண்ட் நாளைக்கு செவ்வாய் ராத்திரி பத்தரைக்கு மேல, சான் டியேகோ சிகாகோ பன்னெண்டரைக்கு மேல, உங்க யாங்கீஸ் பாஸ்டன் புதன் விடியக்காலம் மூணரைக்கு மேல, சின்சினாட்டி டாட்ஜர்ஸ் காலைல ஆறரைக்கு மேல. புதன் சரஸ்வதி பூஜை, லீவுதான், நாலையும் பாக்கலாம்.

பள்ளத்தூர்_பொண்ணு:
பத்தரைக்கு எங்க ஸ்கூபல்தான் எறியறாரு. நான் இருக்கேன்.