போஸ்ட்மாஸ்டர் ஐயா: எங்களுக்குத் தெரிந்தவரை (ஊர்க்காரர்கள் மூவரின் நினைவுகள்)

எங்கள் ஊர் போஸ்ட்மாஸ்டர் ஐயா சென்ற வாரம் காலமானார். காரைக்குடியில் இருந்து டவுன் பஸ்ஸில் போகிற ஊர். அங்கே 38 ஆண்டு கிளை அஞ்சலகம் நடத்தினார். அலுவலகம் என்றால் அவர் வீட்டுத் திண்ணைதான். ஒரு தராசு, தேதி முத்திரை, அரக்கு, தூணோரம் சிவப்புப் பெட்டி. காலை பஸ்ஸில் பை வரும், மதியம் பஸ்ஸில் பை போகும்.

இதில் என்ன கஷ்டம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வழக்கம். அதனால் ஒரே தெருவில் நாலு சிதம்பரம், மூன்று மெய்யப்பன். பெயருக்கு முன்னால் நிற்கும் விலாச எழுத்துகளை, அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைப் பார்த்துத்தான் எந்த வீடு, அதில் எந்தக் குடும்பம் என்று பிரிக்க முடியும். அரசு 1972-இல் பின்கோடு கொண்டுவந்தது. எங்கள் ஊரில் அந்த வேலையை விலாசம் அதற்கு வெகுகாலம் முன்பே செய்துகொண்டிருந்தது. ஐயா நகரத்தார் அல்லர். ஆனால் எந்த வீடு பூட்டியிருக்கிறது, அவர்கள் கோவையில் இருக்கிறார்களா சென்னையிலா என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

பத்தாம் வகுப்பில் என் மதிப்பெண் அட்டை தபாலில் வருவதாக இருந்தது. வந்தால் என்னிடமே கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "மேலே உங்கள் அப்பச்சி (அப்பா) பெயர் இருக்கும் தம்பி. உன் பெயருக்கு ஒன்று வந்தால் அதையும் அவரிடம் கொடுக்க மாட்டேன்" என்றார். அடி விழுந்தது. ஆறு வருடம் கழித்து என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. யார் அனுப்பியது என்று இங்கே சொல்வதற்கில்லை. அப்பச்சி திண்ணையில் உட்கார்ந்து கேட்டும் அவர் தரவில்லையாம். இன்று அந்தக் கடிதக்காரி என் பக்கத்தில் இருந்து இதைப் படிக்கிறாள்.

*

எல்லோரும் புகழ்கிறீர்கள். எங்கள் வீட்டில் ஒரு மனத்தாங்கல் உண்டு. மூலையில் மஞ்சள் தடவிய கடிதத்தை முதலிலும், கருமாதிக் கடிதத்தைக் கடைசியிலும் கொடுக்க வேண்டும் என்பது அவர் வைத்த ஒழுங்கு. கேதக் கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வாசலிலேயே படித்துக் கிழித்துப்போடுவார்கள் அல்லவா, அதன்பிறகு அந்த வீட்டில் யாருக்குச் சோறு இறங்கும் என்பார். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு அப்படிச் சாப்பாட்டு நேரம் தாண்டி வந்தது. கருமாதி மறுநாள் விடியற்காலை, தூரத்து ஊர். சித்தப்பாவுக்கு பஸ் தப்பிவிட்டது. அதோடு அவர் ஐயாவிடம் பேச்சை நிறுத்திவிட்டார். ஐயா விளக்கம் சொல்லவும் இல்லை, அந்த ஒழுங்கை மாற்றவும் இல்லை. சரியென்று எனக்கு இன்றும் படவில்லை. ஆனால் மலேசியாவின் ஈப்போவில் இருந்து வரும் நீலக் கடிதத்தை எங்கள் அப்பத்தாவுக்கு அவர் படித்துக் காட்டும்போது முற்றுப்புள்ளி வரும் இடத்தில் நிறுத்தி, "அடுத்த வரி, ஆச்சி" என்பாரே, அந்தக் குரல் காதிலேயே இருக்கிறது.

*

நான் அவரிடம் தபால் பட்டுவாடா செய்தவன். இரண்டே விஷயம். முதியோர் உதவித்தொகை மணியார்டர் கொடுக்கும்போது கிழவிகள் நீட்டும் பத்து ரூபாயை நான் வாங்கியது ஒருநாள் அவருக்குத் தெரிந்துவிட்டது. திட்டவில்லை. அன்று மாலை அவரே என்னுடன் வீடு வீடாக நடந்து வந்தார், ஒவ்வொரு பத்து ரூபாயையும் நான் திருப்பிக் கொடுக்கும்வரை.

கிளை போஸ்ட்மாஸ்டர் முழு அரசு ஊழியர் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. 65 வயதில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மற்றவர்களுக்குப் போல ஓய்வூதியம் கிடையாது. தபாலாபீஸ் வேறு வீட்டுக்குப் போனது. தராசு இருந்த அதே இடத்தில்தான் அவரைக் கிடத்தியிருந்தார்கள்.

இப்போது இருக்கும் பெண் கெட்டிக்காரி. இருந்தும் சந்தேகம் வந்தால் இதுவரை அவரிடம் போய்க் கேட்டுவந்தாள். நேற்று ஒரு கல்யாணப் பத்திரிகை, மூன்று விலாச எழுத்தும் ஊர்ப் பெயரும் மட்டும். என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள். இரண்டு வீடு சொன்னேன். இரண்டுமே பூட்டிக் கிடக்கின்றன.