மரபணு நோய் ஆராய்ச்சியாளர்களைச் சந்தித்த அனுபவம் யாருக்காவது உண்டா?

வைகைக்கரை:
எனக்கு சார்கோ-மேரி-டூத், சுருக்கமாக சிஎம்டி; கைகால் நரம்புகளைப் பாதிக்கும் பரம்பரை நோய். நடக்கும்போது பாதம் முன்பக்கம் தொங்கும், செருப்பு தானாகக் கழன்றுவிடும். கெண்டைக்கால் சூம்பிப்போய், உள்ளங்கால் வில்லாக வளைந்திருக்கும். ஊரில் எல்லாரும் இளம்பிள்ளை வாதம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். தங்கச்சிக்கும் பள்ளிக்கூட வயதில் அதே மாதிரி ஆரம்பித்த பிறகுதான் வீட்டில் பேச்சு மாறியது.

நரம்பில் கரண்ட் வைத்து வேகம் பார்க்கும் டெஸ்ட் எடுத்தார்கள். (சுகமான அனுபவம் இல்லை, சொல்லிவிடுகிறேன்.) முன்கை நரம்பில் வினாடிக்கு சுமார் 50 மீட்டர் ஓட வேண்டியது எனக்கு 38-க்கும் கீழே. நரம்பைச் சுற்றியிருக்கும் மையலின் உறை கெட்டிருக்கிறது என்றார்கள்.

அடுத்து ஒரு மரபியல் ஆராய்ச்சியாளரிடம் அனுப்பினார்கள். வயதான பெண்மணி. நாங்கள் உட்கார்ந்ததும் அவர் கேட்டது: "அப்பா, அம்மா சொந்தமா?"

"அவர் என் அத்தை மகன்தான், டாக்டர்" என்றார் என் அம்மா. சொன்ன கையோடு, "அதனாலதான் ரெண்டு பிள்ளைக்கும் வந்துச்சா?" என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

ஆராய்ச்சியாளர் பேனாவை மூடி வைத்தார். "அமெரிக்காவுல இந்த நோயையே ஆராய்ச்சி பண்ற ஒருத்தர் இருக்கார்மா. அவருக்கும் இதே நோய்தான். அப்பாகிட்டருந்து ஒரு மாற்றம், அம்மாகிட்டருந்து வேற ஒரு மாற்றம். ரெண்டும் ஒண்ணு சேர்ந்துதான் அவருக்கு வந்துச்சு. சொந்தத்துல கட்டினா ஒரே மாற்றம் ரெண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். நீங்க தெரிஞ்சு செஞ்சது எதுவும் இல்ல."

அம்மாவை யாரும் அதுவரை அப்படி உட்காரவைத்துப் பேசியதில்லை. அந்த அமெரிக்கக்காரர் யார் என்று யாருக்காவது தெரியுமா?

லேப் பூனை:
ஜேம்ஸ் லப்ஸ்கி. ஹூஸ்டனில் பேலர் மருத்துவக் கல்லூரி. நேரில் பார்த்ததில்லை, டிஎன்ஏ வரிசையைப் படிப்பதுதான் என் பிழைப்பு என்பதால் கட்டுரைகள் வழியாகப் பழக்கம்.

மரபணு நோய் என்றாலே டிஎன்ஏ வரிசையில் எழுத்துப்பிழையைத் தேடிய காலம் அது. 1991-இல் அவர் குழு கண்டது வேறு. சிஎம்டியில் அதிகம் காணப்படும் வகையில் எழுத்து எதுவும் பிழையாக இல்லை. 17-ஆவது குரோமோசோமில் ஏறத்தாழ 15 லட்சம் எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு கூடுதலாக ஒருமுறை இருந்தது. (அதே ஆண்டு பெல்ஜியத்தில் ஒரு குழுவும் இதையே கண்டது.) அந்தத் துண்டுக்குள் இருக்கும் பிஎம்பி22 மரபணு இரண்டுக்குப் பதில் மூன்று பிரதி ஆகிவிடுகிறது. மையலின் கெட அதுவே போதும். அதே துண்டு குறைந்துபோனால் வேறொரு நோய்: கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாலே நரம்பு மரத்துவிடும்.

இதில் வேடிக்கை, லப்ஸ்கியின் சொந்த ரத்தத்தில் இந்தக் கூடுதல் துண்டே இல்லை! ஊர் உலகத்தின் நோய்க்குக் காரணம் சொன்னவருக்குத் தன் காரணம் 2010 வரை தெரியாது. அந்த ஆண்டு அவருடைய முழு ஜீனோமையும், அதாவது மொத்த டிஎன்ஏ வரிசையையும், படித்தார்கள். எஸ்ஹெச்3டிசி2 என்ற மரபணுவில் இரண்டு வெவ்வேறு மாற்றங்கள். நோயுள்ள உடன்பிறந்தவர்களிடமும் அதே ஜோடி. இதைச் சாதனைக் கதையாகவே எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதே கட்டுரையின் சின்னத் தகவல்: ஒரே ஒரு மாற்றம் மட்டும் இருந்த உறவினர்களுக்கும் லேசான நரம்புக் கோளாறு இருந்தது, மணிக்கட்டு நரம்பு அழுத்தம் மாதிரி. 'கேரியருக்கு ஒன்றும் வராது' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

கொங்குத்தாய்:
அந்தக் கடைசி வரிக்காகவே எழுதுகிறேன். என் பையனுக்கு டுஷேன் தசைச் சிதைவு. ஒரு முகாமில் ஆராய்ச்சியாளர் ஒருத்தர் அவனைப் பார்த்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நீங்க எக்கோ எடுத்தீங்களாம்மா?" என்றார். எனக்கு எதற்கு என்று கேட்டேன். இந்த நோய்க்குக் காரணமான டிஸ்ட்ரோபின் மரபணு மாற்றத்தைச் சுமக்கும் அம்மாவுக்கும் இதயத் தசை பலவீனமாகலாம் என்றார். அதுவரை எத்தனையோ டாக்டர்கள், எல்லாரும் பையனை மட்டும்தான் பார்த்தார்கள். டுஷேன் பிள்ளைகளின் அம்மாக்கள் இங்கே இருந்தால், கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:
நன்றி பூனை. எங்களுக்கும் அந்தக் கூடுதல் துண்டு இல்லை என்று ரிசல்ட் வந்துவிட்டது. அடுத்து பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கும் டெஸ்ட். அப்பா அம்மா ரத்தமும் வேண்டுமாம். அப்பா ஊசிக்குப் பயந்து மூன்றாவது தடவையாகத் தேதி மாற்றியிருக்கிறார்.