மறுமொழி: காரின் திரைக்கும் அதன் இணையத்துக்கும் ஒரே சொல் போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

காரின் திரையைக் குறிக்கும் ‘இன்ஃபோடெயின்மென்ட்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துவருகிறேன். தேவகோட்டை அண்ணன் ‘தகவல்மகிழ்வு’ என்று தொடங்கிவைத்தார். அதைப் பிடித்துக்கொண்டு ‘தகவற்களிப்பு’, ‘அறிகளி’ என்று ஏழெட்டுச் சொற்கள் வந்துவிட்டன. நம்மில் பாதிப்பேர் காரை ‘மகிழுந்து’ என்று எழுதுகிறவர்கள். ‘மகிழுந்துத் தகவல்மகிழ்வகம்’ என்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். வாயில் வெற்றிலை இருந்தால் சட்டை போயிற்று.

ஓசையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ‘இன்ஃபோடெயின்மென்ட்’ என்பது ‘இன்ஃபர்மேஷன்’ என்பதன் தலையையும் ‘என்டர்டெயின்மென்ட்’ என்பதன் வாலையும் ஒட்டிச் செய்த விற்பனைச் சொல். அந்தத் தலையையும் வாலையும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோமே தவிர, காருக்குள் இருக்கும் பொருள் என்ன என்று யாரும் பார்க்கவில்லை.

கானாடுகாத்தானில் இருக்கும் என் அம்மான் கார் வாங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. போன மாதம் ஒருநாள் காலை, கைப்பேசியிலிருந்து காரைப் பூட்டும் வசதி வேலை செய்யவில்லை. வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் வரைபடமும் வரவில்லை. இலவசக் காலம் முடிந்துவிட்டது, சந்தா கட்ட வேண்டும் என்று விற்பனை நிலையத்தில் சொன்னார்கள். வாங்கும்போது அதைச் சொன்னதாக அவருக்கு நினைவில்லை. என்னை அழைத்துக் காட்டினார். திரையில் பாட்டு அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. “காரின் இணையம் நின்றுவிட்டது என்கிறார்கள். அப்படியென்றால் இது எப்படித் தம்பி பாடுகிறது?” என்றார்.

நம் விவாதத்தின் முடிச்சே அந்தக் கேள்விதான். பாடியது அவருடைய கைப்பேசியின் இணையத்தில். ஆப்பிளின் கார்பிளே 2014இலும் கூகுளின் ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015இலும் வந்தது முதல், கைப்பேசி காட்டுவதை வாங்கிக் காட்டுவதும் காரின் திரைக்கு ஒரு வேலையாகிவிட்டது. நின்றுபோனது வேறு: காருக்குள்ளேயே சிம்மோடும் ஆன்டெனாவோடும் உட்கார்ந்து நிறுவனத்தின் சர்வரோடு பேசும் கருவி. திரையை அணைத்தாலும் அது பேசிக்கொண்டிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல் புதிய கார் மாடல்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட ‘ஈகால்’ வசதி இந்த வகையைச் சேர்ந்தது. பெரிய விபத்து நடந்தால் யாரும் எண்ணை அழுத்தாமலே அவசர உதவி எண் 112க்கு அழைப்பு போய்விடும். அதில் மகிழ்வு எங்கே இருக்கிறது?

ஆகவே நமக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். திரைக்கு ‘முகப்புத்திரை’ என்பது என் முன்மொழிவு. நம் செட்டிநாட்டு வீடுகளில் வந்தவரை உட்காரவைத்துப் பேசும் இடம் முகப்பு. காரில் அந்த வேலையைச் செய்வது இந்தத் திரை. கைப்பேசியில் முதலில் தோன்றும் திரையை ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறோம் என்று பள்ளத்தூர் ஆச்சி மறுப்பார்கள், தெரியும். காரைப் பற்றிய பேச்சில் வரும்போது யாரும் குழம்ப மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

சிம் வைத்த கருவிக்குத் ‘தொடர்புப்பெட்டி’. இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை.

மூன்றாவதாக ஒன்றும் கேட்கிறேன். பிரேக், எஞ்சின், ஸ்டீயரிங் ஆகியவற்றின் கட்டுப்பாட்டுக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் ‘கேன்’ என்ற கம்பிவழி ஒன்று உண்டு. 1986இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. முகப்புத்திரைக்கும் இந்த வழிக்கும் நடுவே காவல் நிற்கும் கருவியை ‘இடைவாசல்’ எனலாமா? நம் பெரிய வீடுகளில் தெருவாசலில் நின்று பார்த்தால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்தெரு வாசல் தெரியும். வீட்டுக்கு அது அழகு, காற்றோட்டமும் கூட. காருக்குள் அப்படி நேர்வழி இருந்தால் ஆபத்து. 2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரு ஆய்வாளர்கள், ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப்பை எங்கோ உட்கார்ந்து கைப்பேசி வலையமைப்பு வழியாகத் தொட்டார்கள். திரைக் கருவிக்குள் நுழைந்து, அங்கிருந்து கேன் வழிக்கு இறங்கி, வண்டியையே தம் சொல்படி கேட்கவைத்தார்கள். ஜீப்பைத் தயாரித்த ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. திரை, பெட்டி, வாசல் மூன்றையும் ‘தகவல்மகிழ்வு’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால் இந்தக் கதையைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?

மற்றவை சுருக்கமாக. ‘கனெக்டட் கார்’ என்பதற்கு ‘இணையுந்து’ வேண்டாம். ‘இணையும்’ என்பதன் தட்டச்சுப் பிழைபோல் இருக்கிறது. ஜோடியாகப் போகும் வண்டி என்றும் பொருள்படும். ‘இணையக் கார்’ என்றே எழுதுவோம். காரின் மென்பொருளைத் தொலைவிலிருந்தே புதுப்பிப்பதைச் சொல்லும் ‘காற்றுவழிப் புதுப்பிப்பு’ அதைவிட மோசம். கார் பேச்சில் காற்று என்றால் டயர்தான்; அம்மானிடம் சொன்னேன், எந்தச் சக்கரத்துக்கு என்று கேட்டார். ‘தொலைப்புதுப்பிப்பு’ போதும்.

எழுதி முடிப்பதற்கு முன் சொற்களைச் சோதித்துவிடுவோம் என்று, விலை கேட்கிற சாக்கில் காரைக்குடி செக்காலை ரோட்டில் கார் ஸ்டீரியோ மாட்டும் கடை ஒன்றுக்குப் போனேன். “முகப்புத்திரை மாற்ற வேண்டும்” என்றேன். “செட்டுதானே?” என்று கேட்டுவிட்டு நேராக அதைக் கழற்றத் திருப்புளியை எடுத்தார். மூன்றெழுத்துச் சொல்லோடு போட்டிபோடுகிறோம் என்பதை மறக்க வேண்டாம். “தொடர்புப்பெட்டியும் பார்க்க வேண்டும்” என்றேன். டிக்கியைத் திறக்கப் போய்விட்டார்.

பெட்டிக்கு வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள். முகப்புத்திரையை நான் விடுவதாக இல்லை.