திருநெல்வேலி பக்கம் வண்டியிலேயே தூங்க இடம் வேண்டும் (அவசரம்)

ஊர்சுற்றிக் குடும்பம்: வணக்கம். நாளை இரவு வண்டியிலேயே படுத்துக்கொள்ள திருநெல்வேலி பக்கம் நல்ல இடம் சொல்லுங்கள். லாட்ஜ் வேண்டாம், அந்தச் செலவு வேண்டாமென்றுதான் வண்டியே வாங்கினோம்.

தச்சநல்லூரான்: எங்கிருந்து எங்கே போகிறீர்கள்? என்ன வண்டி? எத்தனை பேர்? பக்கம் என்றால் கயத்தாறும் பக்கம்தான், களக்காடும் பக்கம்தான்.

அல்வா பிரியன்: நேரே டவுனுக்கு வாருங்கள். கீழ ரத வீதியில் ஓரமாகப் போட்டுவிட்டு நெல்லையப்பரைக் கும்பிட்டு, எதிரே இருட்டுக்கடையில் சூடாகக் கால் கிலோ.

பழைய டிரைவர்: ரத வீதியில் வண்டியைப் போடச் சொல்கிறவர் ஸ்கூட்டரைத் தாண்டி எதையும் ஓட்டியிருக்க மாட்டார். இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் பதில் எழுதுவது? தேடிப் பார்க்கிற பழக்கமே யாருக்கும் இல்லை. முதலில் வண்டியின் உயரத்தைச் சொல்லுங்கள்.

பேட்டரி பித்தன்: இடம் எல்லாம் அப்புறம். 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் கணக்குக்கு 2,400 வாட்-மணி. சாதாரண லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்குமேல் இழுத்தால் ஆயுசு போய்விடும். ஒரு டன் ஏசி ஒரு மணி நேரத்திலேயே ஆயிரத்தைத் தின்றுவிடும். 16 ஆம்பியர் பிளக் தருகிற இடமாகப் பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு மட்டும் தூங்காதீர்கள், புகை உள்ளே வந்தால் விழிப்பே வராது.

ஊர்சுற்றிக் குடும்பம்: மதுரையிலிருந்து கன்னியாகுமரி. டிராவலர் வேனைப் படுக்கை வைத்து மாற்றியது. கூரையில் ஏசி இருப்பதால் பத்தடி வரும். நாங்கள் இருவர், பையன், அம்மா. அம்மாவுக்கு ராத்திரி இரண்டு தடவையாவது பாத்ரூம் போகவேண்டும். வண்டியில் அந்த வசதி இல்லை.

தச்சநல்லூரான்: இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாமே! அப்படியானால் ஊருக்குள் வரவே வேண்டாம். நாலுவழிச் சாலையிலேயே நெல்லையைத் தாண்டி நாங்குநேரிப் பக்கம் போங்கள். கழிவறை உள்ள பெரிய பெட்ரோல் பங்காகப் பார்த்து, முதலில் டீசல் போட்டுவிட்டு, அப்புறம் மேனேஜரிடம் கேளுங்கள். கேட்காமல் ஓரங்கட்டினால்தான் வம்பு. லாரிகள் நிற்கும் வரிசையை விட்டுத் தள்ளி, விளக்கு வெளிச்சம் விழும் இடத்தில் நிறுத்துங்கள்.

சாரல்: பங்கில் போய்த் தூங்கவா இவ்வளவு தூரம்? குற்றாலம் போங்கள். சீசன் நேரம், திருநெல்வேலிக்கு வந்து அருவியில் குளிக்காமல் போவார்களா?

பழைய டிரைவர்: குற்றாலம் தென்காசி மாவட்டம். 2019இல் பிரித்தாயிற்று. போக 55 கிலோமீட்டருக்கு மேல், வர அதே தூரம்.

சாரல்: கோடு போட்டது கலெக்டர் ஆபீஸுக்கு அண்ணாச்சி, அருவிக்கு இல்லை. எங்கள் தாத்தா சாகும்வரை தூத்துக்குடியையே திருநெல்வேலி ஜில்லா என்றுதான் சொன்னார்.

பழைய டிரைவர்: அது 1986லேயே போயாச்சு. தாத்தாவிடம் யாரும் சொல்லவில்லை போல.

சாரல்: தாத்தாவை இழுக்காதீர்!

வள்ளியூர் காற்று: சண்டையை விடுங்கவே, அவர் பாவம் இடம் கேட்கிறார். நாங்குநேரியோடு நின்றுவிடுங்கள். இன்னும் கொஞ்சம்தானே என்று காவல்கிணறு, ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் கணவாய்க் காற்று. சும்மாவா முப்பந்தலில் அத்தனை காற்றாலை? ஆடி மாதத்தில் பக்கவாட்டுப் பந்தலை விரித்தீர்கள் என்றால் காலையில் அதை எவன் தோட்டத்திலாவது தேடவேண்டியதுதான். பத்தடி வண்டி ராத்திரி முழுக்கத் தொட்டில் மாதிரி ஆடும். பாபநாசம் அணை என்று யாராவது கிளம்புவார்கள், கேட்காதீர்கள். அது புலிகள் காப்பகம், இருட்டினால் செக்போஸ்ட்டிலேயே திருப்பிவிடுவார்கள்.

அல்வா பிரியன்: அல்வாவை மட்டும் வாங்கிக்கொண்டு போகட்டுமே.

(இரண்டு நாள் கழித்து)

ஊர்சுற்றிக் குடும்பம்: நன்றி. நாங்குநேரி தாண்டி ஒரு பங்கு. டீசல் போட்டதும் சரி என்றார்கள். வாட்ச்மேன் தாத்தா அம்மாவுக்காகக் கழிவறை விளக்கை அணைக்காமல் விட்டிருந்தார். நாய்தான் விடியவிடியக் குரைத்தது. இப்போது கன்னியாகுமரி, சிக்னல் இல்லை.

பேட்டரி பித்தன்: ஏசி எத்தனை மணிக்கு அணைந்தது?

பேட்டரி பித்தன்: ஹலோ?